நாய்க்குட்டியும் செய்தித்தாளும்



போன மாதம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு "சார், நாய்க்குட்டி யாருடையது?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். என் பேரனுடையது. பெயர் சிம்பா. எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் எல்லா நாய்க்கும் மணி என்றுதான் பெயர். அதையே நானும் சொல்லிப் பார்த்தேன், தள்ளுபடி ஆகிவிட்டது. நாட்டு நாய்தான். மகளின் அலுவலகத்துக்குப் பக்கத்தில் கட்டட வேலை நடக்கும் இடத்தில் பிறந்த ஐந்து குட்டிகளில் ஒன்று. எட்டு வாரம் ஆனதும் அட்டைப் பெட்டியில் வைத்து வீட்டுக்கு எடுத்து வந்தார்கள். வீடு எட்டாவது மாடியில்.

எட்டாவது மாடியில் குட்டி நாய் என்றால் முதல் பிரச்சினை என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மகள் ஒரு கட்டு 'பேட்' வரவழைத்தாள். மேலே வெள்ளைத் துணி மாதிரி ஒரு தாள், அடியில் நீல பிளாஸ்டிக், நடுவில் பஞ்சு. தரையில் விரித்துவிட்டால் குட்டி அதன்மேல் போகப் பழகிக்கொள்ளுமாம். ஒரு பேட் 20 ரூபாய்க்கு மேல். "இதுக்கு ஏம்மா இவ்வளவு காசு? பழைய பேப்பர் கட்டுக்கட்டா கிடக்கு" என்றேன். "அப்பா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள்.

நான் சும்மா இருக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே, பேட் இரண்டடி தூரத்தில் இருக்க, சிம்பா கால்மிதியில் ஒன்றுக்குப் போய்விட்டான். கையில் இருந்த பேப்பரைச் சுருட்டினேன். முதுகில் இரண்டு அடி. கழுத்தைப் பிடித்து மூக்கை ஈரத்தில் வைத்து ஓர் அழுத்து. அப்படித்தான் செய்யவேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. யார் சொல்லித் தந்தார்கள் என்றால் பதில் இல்லை. பேரன் இரவு வரைக்கும் என்னோடு பேசவில்லை.

அடுத்த இரண்டு நாள் தரை காய்ந்து கிடந்தது. "பார்த்தியா, ஒரே அடியில் திருந்திட்டான்" என்று மகளிடம் பெருமையாகச் சொன்னேன். ஆனால் பேட்டும் காய்ந்துதான் கிடந்தது என்பதை நான் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் நாற்றம் தாங்காமல் சோபாவை நகர்த்தினோம். இரண்டு நாள் கணக்கும் அங்கேதான் இருந்தது. தரையில் போகக்கூடாது என்று குட்டி கற்றுக்கொள்ளவில்லை. தாத்தா பார்க்கும்போது போகக்கூடாது என்று கற்றுக்கொண்டிருந்தது.

அதன்பிறகு ஒரு மாதமாக இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியாருக்கு வேறு என்ன வேலை? யோசித்துப் பார்த்தால், நாய் வளர்க்கும் வீட்டில் செய்தித்தாளுக்கு இரண்டு வேலை இருந்திருக்கிறது. விரித்தால் கக்கூஸ், சுருட்டினால் பிரம்பு. விரித்த தாள் போய் பேட் வந்தது ஒரு கதை. சுருட்டிய தாள் போனது இன்னொரு கதை. பதிவு நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேட்டின் கதை நாய் மலத்துக்குக் காசு கொடுத்த காலத்திலிருந்து தொடங்குகிறது. ஹென்றி மேஹ்யூ என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் லண்டன் ஏழைகளின் தொழில்களை ஒவ்வொன்றாக விசாரித்து 1851இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். அதில் தெருத்தெருவாக நாய் மலம் பொறுக்கி விற்றவர்களைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. அந்தச் சரக்குக்கு அவர்கள் வைத்த பெயர் 'ப்யூர்'. சுத்தம் என்று அர்த்தம்! ஒரு வாளிக்கு 8 முதல் 10 பென்ஸ், நல்ல சரக்கானால் 1 ஷில்லிங்குக்கு மேலும் கிடைக்குமாம். லண்டனில் 200 முதல் 300 பேர் இதை நம்பிப் பிழைத்தார்கள் என்று கணக்குச் சொல்கிறார். இதிலும் கலப்படம் நடந்திருக்கிறது. பழைய சுவரின் காரையைச் சுரண்டிக் கலந்துவிடுவார்களாம். பாலில் தண்ணீர் கலப்பவர்களை இனிமேல் திட்டுவதற்கில்லை.

வாங்கியவர்கள் பெர்மன்ட்சி பகுதியின் தோல் பதனிடும் தொழிற்சாலைக்காரர்கள். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் இருக்கும் என் மாணவர்களுக்குச் சுண்ணாம்புக் குழி தெரியும். முடி நீங்குவதற்காகத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பார்கள். எடுக்கும்போது தோல் உப்பி விறைத்துப்போய் இருக்கும். அந்த விறைப்பைத் தளர்த்திப் பட்டுப்போல ஆக்க ஒரு பொருள் வேண்டும். வெதுவெதுப்பான நீரில் கரைத்த நாய் மலம் அந்த வேலையைச் செய்தது. ஏன் செய்கிறது என்பது வெகுகாலம் யாருக்கும் தெரியாது. அன்றைய லண்டன் சீமாட்டிகளின் கையுறையும் கனவான்கள் படித்த புத்தகங்களின் தோல் அட்டையும் இந்த வழியாகத்தான் வந்திருக்கின்றன.

இதற்கு முடிவு கட்டியவர் ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ ரோம். மலத்தில் இருக்கும் நொதிகளே தோலைத் தளர்த்துகின்றன, அதே மாதிரி நொதிகள் கசாப்புக்கூடத்தில் வீணாகும் கணையத்திலும் இருக்கின்றன என்று கண்டுகொண்டார். 1907இல் ஓட்டோ ஹாஸ் என்பவரோடு சேர்ந்து நிறுவனம் தொடங்கி, 'ஓரோப்பான்' என்ற பெயரில் கணைய நொதிப் பொடியை விற்றார். தோல் தொழில் நாய் மலத்தைக் கைவிட ஆரம்பித்தது. காசாக இருந்தது வெறும் அசிங்கமாக மாறியது.

நான் நாற்காலியை விட்டு எழுந்த இடம் அடுத்தது. இதே ரோம் 1901இல் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஆய்வுத் தலைப்பு, அக்ரிலிக் அமிலத்தின் பலபடிகள். பலபடி என்றால் சிறு மூலக்கூறுகள் மணிமாலைபோலக் கோத்துக்கொண்டு உண்டாகும் பெரிய சங்கிலி, பாலிமர். பிற்காலத்தில் அவருடைய நிறுவனம் அந்தக் குடும்பத்திலிருந்துதான் 1933இல் 'பிளெக்ஸிகிளாஸ்' என்ற உடையாக் கண்ணாடியைக் கொண்டுவந்தது. இன்று எங்கள் வீட்டு பேட்டின் நடுவில், பஞ்சுக்குள் சர்க்கரைபோல இருக்கும் பொடி சோடியம் பாலிஅக்ரிலேட். அதே அக்ரிலிக் அமிலத்தின் பேரப்பிள்ளை. அந்தப் பொடியை ரோம் கண்டுபிடிக்கவில்லை, ஆனால் அந்த வம்சத்தை முதலில் ஆராய்ந்தவர்களில் ஒருவர். நாய் மலத்துக்கு இருந்த சந்தையை மூடிய ஆளே நாய் மூத்திரத்தை உறிஞ்சும் பொடியின் மூதாதையையும் படித்து வைத்திருக்கிறார்! போதாததற்கு, கணைய நொதியைத் துணி துவைக்கப் பயன்படுத்தலாம் என்று 1913இல் காப்புரிமை பெற்றவரும் அவர்தான். சோபாவுக்குப் பின்னால் ஊற்ற மகள் வாங்கி வந்த புட்டியில் 'என்ஸைம் கிளீனர்' என்று எழுதியிருந்தது.

பஞ்சு வந்த வழி வேறு. முதல் உலகப் போரின்போது பருத்திக்குத் தட்டுப்பாடு. மரக்கூழிலிருந்து செய்த 'செல்லுகாட்டன்' என்ற பொருளைக் கிம்பர்லி கிளார்க் நிறுவனம் காயக்கட்டுக்காகக் கொடுத்தது. போர் முடிந்ததும் மிஞ்சிய திறமைக்கு ஒரு வழி வேண்டுமே. நர்சுகள் அதை மாதவிலக்குக்குப் பயன்படுத்தியிருந்தார்கள். 1920இல் 'கோட்டெக்ஸ்' வந்தது. அடுத்து பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் விக்டர் மில்ஸ். பேரக்குழந்தையின் துணி டயாபரை மாற்றி மாற்றி அலுத்துப்போன ஒரு தாத்தா. (அவர் என் கட்சி.) அவர் தொடங்கி வைத்த வேலையில் உருவான 'பாம்பர்ஸ்' டயாபரை 1961 டிசம்பரில் அமெரிக்காவின் பியோரியா நகரில் விற்றுப் பார்த்தார்கள். ஒன்று 10 சென்ட். அம்மாக்கள் விலையைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள். பிறகு விலையைக் குறைத்தார்கள்.

அதே பியோரியாவில் அமெரிக்க வேளாண்துறையின் ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. மக்காச்சோள மாவுச்சத்தை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று பார்ப்பது அவர்கள் வேலை. மாவுச்சத்தோடு ஒரு செயற்கைப் பலபடியை ஒட்டவைத்தபோது, தன் எடையைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு தண்ணீரைக் குடிக்கும் பொருள் கிடைத்தது. வேடிக்கையாக 'சூப்பர் ஸ்லர்ப்பர்' என்று பெயர் வைத்தார்கள். 1976இல் காப்புரிமை. வறண்ட மண்ணில் ஈரம் நிற்கவைக்கலாம், விதைக்குப் பூசலாம் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் 1980களில் அந்த வகைப் பொடி டயாபருக்குள் போனது. அதில் ஜப்பானியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நாய்க்குட்டியின் பேட் என்பது விரித்து வைத்த டயாபர்தான். ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு அடியில் போடும் விரிப்புக்கும் இதற்கும் வித்தியாசம் அதிகம் இல்லை.

வகுப்பெடுத்த பழக்கம் விடமாட்டேன் என்கிறது, ஒரு சோதனை சொல்லிவிடுகிறேன். புது பேட் ஒன்றைக் கிழித்து, பொடியை ஒரு கண்ணாடி டம்ளரில் தட்டுங்கள். தண்ணீர் ஊற்றுங்கள். நுங்குபோல ஆகிவிடும், கவிழ்த்தாலும் கொட்டாது. இப்போது ஒரு கரண்டி சமையல் உப்பைப் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் நுங்கு இளகி நீராகிவிடும். வெளியே உப்பு அதிகமானால் பொடி பிடித்த தண்ணீரை விட்டுவிடும். மூத்திரத்தில் உப்பு இருப்பதால்தான் பேட் பச்சைத் தண்ணீரைக் குடிக்கும் அளவுக்கு மூத்திரத்தைக் குடிக்காது. குழந்தைகள் கண்ணிலும் வாயிலும் பொடி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழுவும் தொட்டியிலும் கொட்டிவிடாதீர்கள், அடைத்துக்கொள்ளும்.

சரி, பேட் எப்படி வந்தது என்பது தெரிந்துவிட்டது. எதற்காக வேண்டும்? வாசலில் இறக்கிவிட்டால் ஆகாதா? நானும் அதைத்தான் கேட்டேன். அதற்குப் பதில் ஓர் ஆண்டில் இருக்கிறது. 1978.

அந்த ஆண்டு ஆகஸ்டு 1 முதல் நியூயார்க்கில், தெருவில் நாய் போனதை வளர்ப்பவரே அள்ள வேண்டும், தவறினால் 100 டாலர் வரை அபராதம் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. லண்டனில் வாளி 10 பென்சுக்கு விற்றது இங்கே அபராதமாகிவிட்டது. ஆனால் நான் சொல்லவந்தது அதை அல்ல. அதே ஆண்டில்தான் பல நாடுகளில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நாய்க்குட்டிகள் ரத்தபேதியாகிச் செத்து விழுந்தன. பார்வோ என்று இன்று எல்லோரும் சொல்லும் வைரஸ். பூனைகளைத் தாக்கும் ஒரு வைரஸுக்கு நெருங்கிய உறவு. நாய்களுக்கு அது புதிது, எதிர்ப்புச் சக்தி எந்த நாயிடமும் இல்லை. நோயுற்ற நாயின் மலத்தில் வரும், மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லேலண்ட் கார்மைக்கேல், மாக்ஸ் ஆப்பெல் என்ற இருவரும் விரைவிலேயே தடுப்பூசி கண்டார்கள். ஆனால் அதில் ஒரு சிக்கல். தாய்ப்பால் வழியாகக் குட்டிக்கு வரும் எதிர்ப்புச் சக்தி தடுப்பூசியையும் சேர்த்துத் தடுத்துவிடும். அது எந்த வாரத்தில் வடியும் என்று குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, பதினாறு வாரம் வரை திரும்பத் திரும்ப ஊசி. அதுவரை மற்ற நாய்கள் போகும் மண்ணில் இறக்காதே என்பார்கள்.

இது எங்களுக்கு ஏட்டுப் பாடம் அல்ல. சிம்பாவோடு பிறந்த ஒரு பெண் குட்டியை மகளின் தோழி எடுத்துப் போயிருந்தாள். தனி வீடு, வாசலில் மண். இரண்டாவது வாரமே குட்டி சாப்பிட மறுத்தது. நான்காம் நாள் போய்விட்டது. பேரனிடம் அதை இன்னும் சொல்லவில்லை.

மறுபக்கம் இன்னொரு கணக்கு ஓடுகிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜாக்சன் ஆய்வுக்கூடம். அங்கே ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இருவரும் ஐந்து வகை நாய்களின் குட்டிகளைப் பதின்மூன்று ஆண்டுகள் பிறந்த நாளிலிருந்து கவனித்து 1965இல் ஒரு பெரிய நூல் எழுதினார்கள். அதில் சொல்வது: மூன்று வாரம் ஆனதும் குட்டி படுக்கையைவிட்டு நகர்ந்துபோய்த்தான் ஒன்றுக்குப் போகும், யாரும் சொல்லித்தர வேண்டாம். எட்டரை வார வாக்கில் தனக்கென்று குறிப்பிட்ட இடங்களைப் பிடித்துக்கொள்ள ஆரம்பிக்கும். காலுக்கடியில் என்ன தட்டுப்படுகிறது என்பதும் அதோடு சேர்ந்து பதிந்துவிடுகிறது என்று பயிற்சி தருபவர்கள் சொல்கிறார்கள். புல் என்றால் புல். சிமெண்டு என்றால் சிமெண்டு.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எட்டு வாரத்திலிருந்து குட்டி இடம் பழகுகிறது. பதினாறு வாரம் வரை வெளியே விட முடியாது. நடுவில் இருக்கும் இந்த எட்டு வாரத்துக்குத்தான் பேட். விரித்த செய்தித்தாளும் இதே வேலையைத்தான் செய்தது. ஆனால் தாள் ஊறி, மை கரைந்து, குட்டி அதன்மேலேயே நடந்து வீடெல்லாம் அச்சடிக்கும். (நான் என் காசில் சோதித்துப் பார்த்தது. மகள் சொன்னதே சரி.)

குறையும் உண்டு. பேட் பழகிய குட்டிக்கு மெத்தென்று சதுரமாக எது கிடந்தாலும் பேட்தான். கால்மிதி, குளியலறை மிதியடி, நான் நாற்காலியில் போடும் துண்டு. சிம்பா அன்று கால்மிதியில் போனது குறும்பு அல்ல. தான் கற்றதைச் சரியாகத்தான் செய்திருக்கிறான். வாத்தியாருக்குத்தான் அந்த விடைத்தாளைத் திருத்தத் தெரியவில்லை. அதோடு பின்னால் வெளியே போகப் பழக்கும்போது எல்லாவற்றையும் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். பிளாஸ்டிக் குப்பை வேறு. தோட்டமோ கொல்லையோ இருந்து, வேறு நாய்கள் வராத இடமாகவும் இருந்தால், பேட் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

இனி சுருட்டிய தாளின் கதை. இது கொஞ்சம் கசப்பு.

நாய்ப் பயிற்சி ஒரு தொழிலாக உருவானது போலீஸிலும் ராணுவத்திலும். ஜெர்மானியக் காவல்துறையில் இருந்த கோன்ராட் மோஸ்ட் 1910இல் எழுதிய நூல் நெடுங்காலம் வேதம். நாய் எப்படிக் கற்கிறது என்பதை அவர் கூர்மையாகத்தான் கவனித்திருக்கிறார். ஆனாலும் முறை முக்கியமாகக் கட்டாயம்தான், சங்கிலி இழுப்பும் சாட்டையும். போர்கள் முடிந்து வீடு திரும்பிய பயிற்சியாளர்கள் அதையே ஊர் நாய்களுக்கும் கொண்டுபோனார்கள். ராணுவ நாய்களைப் பழக்கிவிட்டு டிஸ்னி படங்களின் நாய்களுக்கும் பயிற்சி கொடுத்த வில்லியம் கோலர் 1962இல் ஒரு புத்தகம் எழுதினார். அமோக விற்பனை. குழி தோண்டும் நாய்க்கு அதே குழியில் தண்ணீர் நிரப்பி முகத்தை அமுக்கு என்று சொல்லும் புத்தகம் அது. மூக்கை ஈரத்தில் அழுத்தியது எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை என்றேனே. அந்தக் காலத்துக் காற்றிலேயே இருந்திருக்கிறது.

மாற்று வழியும் கூடவே இருந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. பி.எஃப். ஸ்கின்னர் 1951இல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில், விலங்குகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்று ஒரு கட்டுரை எழுதினார். சரியாகச் செய்த அந்தக் கணத்தில் ஒரு சின்னச் சத்தம், உடனே தீனி. அவரிடம் படித்த கெல்லர், மரியன் பிரெலண்ட் தம்பதி அதற்கு முன்பே இந்த வழியில் கோழி, பன்றி முதலானவற்றைப் பழக்கித் தொழிலே நடத்தினார்கள். கோழித்தீவன விளம்பரத்துக்காகக் கோழிகளை மேடையேற்றியவர்கள். நாய்க்காரர்கள் அதையெல்லாம் சர்க்கஸ் என்று ஒதுக்கிவிட்டார்கள். கடைசியில் நாய்க்காரர்களுக்கு அதை எடுத்துச் சொன்னது ஒரு டால்பின் பயிற்சியாளர், கரென் பிரையர். 1963இல் ஹவாயில் டால்பின்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தவர், 1984இல் எழுதிய புத்தகம் பின்னர் நாய்ப் பயிற்சியையே திருப்பிப்போட்டது. டால்பின் எப்படி வழிகாட்டியது? எளிய காரணம். டால்பினை அடிக்க முடியாது. சங்கிலி போட முடியாது. பிடிக்கவில்லை என்றால் நீந்திப் போய்விடும். அடிக்கும் வசதி இல்லாத இடத்தில்தான் ஆசிரியர் யோசிக்க ஆரம்பித்திருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பில் நின்ற எனக்கு இந்த வரியை எழுதவே கை கூசுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "அவனுக்கே தெரியுது தப்புன்னு, முழியைப் பாரு" என்று நாங்கள் சொல்வோமே, அந்தத் திருட்டு முழி. அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009இல் இதைச் சோதித்து வெளியிட்டார். தின்னக்கூடாது என்று சொல்லி ஒரு தின்பண்டத்தை வைத்துவிட்டு வளர்ப்பவரை வெளியே அனுப்புவார். திரும்பி வரும்போது, சில தடவை நாய் தின்னாமலே இருந்தும் தின்றுவிட்டது என்று சொல்லித் திட்டவைப்பார். அந்த முழி நாய் தப்பு செய்ததா என்பதைப் பொறுத்து வரவில்லை. வளர்ப்பவர் திட்டினாரா என்பதைப் பொறுத்துத்தான் வந்தது. தப்பே செய்யாத நாய் திட்டு வாங்கியபோது முழி இன்னும் கூடுதலாகவே இருந்ததாம்.

இப்போது எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன், குட்டி வளர்ப்பவர்களுக்கு உதவும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில், விளையாடி முடித்ததும் பேரன் சிம்பாவைத் தூக்கிக்கொண்டுபோய் பேட்டில் விடுகிறான். முதலில் பால்கனிப் பக்கம் நாலு பேட் சேர்த்துப் போட்டோம், பிறகு இரண்டு, இப்போது ஒன்று. நனைந்த பேட்டின் ஒரு துண்டைப் புது பேட்டின்மேல் வைத்தால் வாசனை பிடித்து வந்துவிடுகிறான். போய் முடித்த அந்த நொடியிலேயே அவித்த முட்டையில் ஒரு துளி. நாம் சமையலறைக்குப் போய் எடுத்து வருவதற்குள் அதற்கு எதற்காகக் கொடுத்தோம் என்பது விட்டுப்போய்விடும். அதனால் டப்பா பால்கனியிலேயே இருக்கிறது. வேறு இடத்தில் போனால் ஒரு வார்த்தையும் பேசாமல் துடைத்துவிடுகிறோம். கால்மிதிகளை எல்லாம் சுருட்டிப் பரண்மேல் போட்டாயிற்று. கடந்த பதினொரு நாளில் இரண்டே பிசகு. இரண்டும் என் மதியத் தூக்கத்தின்போது, ஆகவே என் கணக்கில்.

என்னிடம் அவன் வர ஒன்பது நாள் ஆனது. அதுவரை நான் பால்கனியில் இருந்தால் அடக்கிக்கொண்டு நிற்பான். பேப்பர் சரசரத்தால் மேசைக்கடியில் போய்விடுவான். நான் பேப்பர் படிப்பதைக் கழிப்பறைக்கு மாற்றிக்கொண்டேன். பத்தாம் நாள் காலை, நான் தரையில் உட்கார்ந்திருக்கும்போது, என் முன்னாலேயே பேட்டில் போனான். முட்டையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

சோபாவை நகர்த்திய அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நினைவுக்கு வந்தது நாய் அல்ல. 1987ஆம் வருடம், எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு. தனிமங்களின் குறியீடு ஒப்பிக்கச் சொல்லியிருந்தேன். ஒரு பையன் சோடியத்துக்கு எஸ்.ஓ. என்றான். எல்லாப் பிள்ளைகளும் செய்யும் பிழை, கேட்டால் நியாயமான பிழையும்கூட. அதன் லத்தீன் பெயர் நேட்ரியம், அதனால்தான் என்.ஏ. என்று ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. இரண்டு உள்ளங்கையிலும் அடித்தேன். அடுத்த நாளும் அதையே கேட்டேன், அடித்தேன். அதன்பிறகு அவன் என் பாடவேளையில் மட்டும் காணாமல் போக ஆரம்பித்தான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். "ஒழிஞ்சது, வகுப்பு அமைதியா இருக்கு" என்று ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரித்தேன். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவன் பள்ளிக்கே வரவில்லை. வீட்டில் கஷ்டம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று காரணங்கள் இருந்தன. என் பிரம்பும் அவற்றில் ஒன்று. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்து பிள்ளைகளை அடிப்பதைத் தடைசெய்தபோது, "இனி எப்படிப் பாடம் நடத்துவது?" என்று உரக்கக் கேட்டவர்களில் நானும் ஒருவன். உங்களில் சிலருக்கு அது நினைவிருக்கும்.

பெயரை இங்கே எழுதவில்லை. அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கு யார் என்று தெரியும். இப்போது அவருக்கு ஐம்பது வயது வாக்கில் இருக்கும். எங்கே இருக்கிறார் என்று யாருக்காவது தெரிந்தால், முதலில் அவரிடம் கேளுங்கள். அவருக்குச் சம்மதம் என்றால் மட்டும் அவருடைய எண்ணை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.